சேவையகத்தில் வன்தட்டா, நாடாச் செலுத்தியா: வன்னி அலுவலகங்களுக்கான ஓர் ஒப்பீடு

கிளிநொச்சியில் திருமண ஒளிப்பதிவு செய்யும் நிலையம் ஒன்று, முல்லைத்தீவு மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குப் பிரிவு, வவுனியாவில் பழைய ஏடுகளையும் ஊர்ப் பதிவுகளையும் மின்னுருவாக்கிவரும் ஒரு சிறு குழு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் அண்மையில் எனக்கு ஒரே கேள்வி வந்தது. "சேவையகத்தில் இடம் முடிந்துவிட்டது, காப்புப்பிரதியும் ஒழுங்காக இல்லை. இன்னும் நான்கு வன்தட்டுகளைப் பூட்டுவதா, நாடாச் செலுத்தி ஒன்றை வாங்கிப் பூட்டுவதா?" நாடாச் செலுத்தி என்பது காந்த நாடாவில் தரவை எழுதி வாசிக்கும் கருவி. கேள்வி ஒன்றாக இருந்தாலும் மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

வன்னியில் இந்தக் கேள்விக்குத் தனியான ஒரு கனம் உண்டு. 2008, 2009 இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணப் படத்தையும் கைவிட்டுவந்து, அவற்றுக்கு மறுபிரதி எடுப்பதற்காகப் பின்னர் ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. ஆகவே இங்கே கணினி பூட்டுபவர், எவ்வளவு கொள்ளும் என்பதற்கு முன்பாக, இரண்டாவது பிரதி எங்கே இருக்கப்போகிறது என்று கேட்டாக வேண்டும்.

எவற்றை வைத்து அளப்பது

முதலாவது, தரவின் அளவும் அது வளரும் வேகமும். இன்று 2 டெராபைட் இருப்பதும் மாதம் 1 டெராபைட் கூடுவதும் முற்றிலும் வேறான இரண்டு நோய்கள்; ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்தாது.

இரண்டாவது, இழந்ததை எவ்வளவு நேரத்துக்குள் திரும்பப் பெறவேண்டும் என்பது. கடன் வசூல் நாளன்று கணக்குப் பிரிவு ஒரு மணித்தியாலம்கூட நிற்க முடியாது. ஏடுகளின் படங்களோ ஒரு வாரம் கழித்து வந்தாலும் பாதகமில்லை.

மூன்றாவது, நான் மிகுந்த எடை கொடுப்பது, பிரதி இயந்திரத்திலிருந்து எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமின்னல் மின்கம்பி வழியாகவும் வலையமைப்புக் கம்பி வழியாகவும் வரும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை கட்டடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது என்பதை நாங்கள் கண்டோம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்கள், இணைப்பில் இருக்கும் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாகவே தாக்கும். இவை மூன்றுக்கும் தப்பும் பிரதி, கம்பி எதுவும் தொடாமல் வேறொரு கூரையின் கீழ் இருக்கும் பிரதி மட்டுமே.

நான்காவது, வெயில், புழுதி, ஈரம், மின்சாரம். ஐந்தாவது, பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் அதை வாசிக்க எந்தக் கருவி, யாரிடம் இருக்கும் என்பது. ஆறாவது, முதல்நாள் விலையோடு நில்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பார்க்கும் மொத்தச் செலவு.

முதலாம் வழி: சேவையகத்துக்குள் வன்தட்டுகளைக் கூட்டுதல்

எளிமையும் மீட்கும் வேகமும் இந்த வழியின் பலம். முன்பக்கத் தட்டங்களில் வெற்றிடம் இருந்தால் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அழிந்த கோப்பை நொடியில் திரும்ப எடுக்கலாம். ஆயினும் வாங்குவதற்கு முன்பு பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சாஸ், சாட்டா என்பவை தட்டை இணைக்கும் இரண்டு முறைகள்; தட்டுகளை இயக்கும் அட்டையே கட்டுப்படுத்தி. சாஸ் கட்டுப்படுத்தியில் சாட்டா தட்டு இயங்கும். சாட்டா கட்டுப்படுத்தியில் சாஸ் தட்டு இயங்காது. கொழும்பிலிருந்து வரும் பாவித்த சேவையகங்கள் சிலவற்றில் உள்ள பழைய கட்டுப்படுத்தி அட்டைகள் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளின் முழுக் கொள்ளளவையும் காணமாட்டா. புதிய தட்டுகள் சிலவற்றில் மூன்றாவது மின்முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் தட்டு சுழலாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்; பழைய மின்வழங்கி அந்த முனைக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருப்பதால், நல்ல தட்டையே பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களை நான் அறிவேன். தொடங்கும்போது ஒவ்வொரு தட்டும் 12 வோல்ட் வழியில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். ஆகவே எட்டுத் தட்டுகளை ஒன்றாகச் சுழலவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும்படி கட்டுப்படுத்தியில் அமைத்துவிடுங்கள்.

பதிவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளை, பல தட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்ட் அணியில் சேர்க்கவே கூடாது. அவை சற்று மலிவானவைதான். ஆனால் பழுதான தட்டொன்றை மாற்றி அணியை மீளக் கட்டும்போது அவற்றின் எழுதும் வேகம் சரிந்து, வேலை பல நாள்களுக்கு இழுபடும். நல்ல வகைத் தட்டிலேயே, 16 டெராபைட்டைச் சராசரி நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதி முடிக்க 22 மணித்தியாலம் வேண்டும். அந்த 22 மணித்தியாலமும் மின்சாரம் தடைப்படக் கூடாது. மற்றத் தட்டுகளும் பிழையின்றி வாசிக்கப்பட வேண்டும். மேசைக் கணினிக்கான தட்டுகளின் தரவுத்தாளில், 100 இலட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒரு மீட்கமுடியாத வாசிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் அதைவிட நன்றாகவே நடக்கின்றன. இருந்தும், ஒரு தட்டின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்ட் 5 ஐப் பெரிய தட்டுகளில் அமைக்க என் மனம் ஒப்புவதில்லை. நான்கு தட்டுகள் இருந்தால் இரு தட்டு இழப்பைத் தாங்கும் ரெய்ட் 6. இரண்டே இருந்தால் ஒன்றையொன்று பிரதிபண்ணும் ரெய்ட் 1.

மறைந்திருக்கும் செலவு மின்சாரமும் சூடும். ஒரு தட்டுக்கு 7 வாட் அளவு என்று கொண்டால், நான்கு தட்டுகள் ஆண்டு முழுவதும் ஓட ஏறத்தாழ 245 அலகு மின்சாரம் செல்லும். அந்தச் சூட்டை வெளியேற்றும் குளிரூட்டியின் செலவு தனி. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, யூபிஎஸ்ஸின் மின்கலம் இளைத்துப்போன இடங்களில் சேவையகங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. தட்டுகளைக் கூட்டுபவர் யூபிஎஸ்ஸின் கொள்ளளவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். விலைப்பட்டியலில் இதை எவரும் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரெய்ட் காப்புப்பிரதி அன்று. தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடவைப்பதே அதன் தொழில். தவறுதலாக அழித்த கோப்பை அது எல்லாத் தட்டுகளிலும் உண்மையாகவே அழிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவில் விழுந்த மின்னலால், நான் பூட்டிக்கொடுத்த சேவையகம் ஒன்றில் மின்வழங்கியும் அதனோடு இணைந்திருந்த எல்லாத் தட்டுகளின் மின்பலகைகளும் கருகின. காப்புப்பிரதிக்கென்று ஒதுக்கிய தட்டும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நானே. அந்த அலுவலகத்தின் இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் கடதாசியிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

இரண்டாம் வழி: கழற்றி எடுத்துச்செல்லும் வன்தட்டுகள்

மூன்று தட்டுகளை வாங்கி, ஒன்று சேவையகத்தில், ஒன்று அலுவலக அலுமாரியில், ஒன்று வேறோர் ஊரில் என்று வாரந்தோறும் சுழற்றுவது இந்த வழி. செலவு குறைவு, எந்தக் கணினியிலும் வாசிக்கலாம், பழுதானால் வவுனியாவிலேயே புதியது வாங்கலாம். பத்து டெராபைட்டுக்கு உட்பட்ட பெரும்பாலான வன்னி அலுவலகங்களுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

இதில் நுட்பமான குறை இணைப்புமுனையில் இருக்கிறது. கம்பியோடு நேரே இணையும் சாட்டா முனை ஏறத்தாழ 50 தடவை கழற்றிப் பூட்டுவதற்கே வடிவமைக்கப்பட்டது. வாரம் ஒருமுறை மாற்றினால் ஓராண்டில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தட்டத்தோடு உள்ளே செலுத்தும் பின்பலகை முனை 500 தடவை தாங்கும். எனவே உறைப்பெட்டியைத் திறந்து கம்பியைக் கழற்றும் வழக்கத்தை விட்டு, தட்டம் உள்ள அடைப்பு ஒன்றைப் பூட்டிவிடுவது நல்லது.

அடுத்தது பயணம். கிரவல் வீதியில் மோட்டார்ச் சைக்கிளின் பின்பையில் துள்ளிக்கொண்டு போகும் தட்டு, சீமெந்து நிலத்தில் ஒருமுறை விழும் தட்டு, இரண்டுமே நம்பத்தகாதவை. நுரைப்பஞ்சு பதித்த பெட்டி ஒன்று தட்டுகளோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும். வழியில் தொலைந்தால் அங்கத்தவர்களின் பெயரும் கடன் விபரமும் பிறர் கையில் சேரும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், மறைகுறியாக்கம் செய்யாத, அதாவது திறவுச்சொல் இல்லாமலே வாசிக்கக்கூடிய தட்டை அலுவலக வாசலுக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டாம்.

மற்றக் குறை மனிதருடையது. மாற்றும் பொறுப்பு ஒருவருக்கென்று பெயர்சொல்லிக் கொடுக்கப்படாத இடங்களில், மூன்றாவது மாதத்தோடு சுழற்சி நின்றுவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் வழி: நாடாச் செலுத்தி

காந்த நாடா பழங்காலத்துப் பொருள் என்ற எண்ணம் தவறானது. 2011 பெப்ரவரியில் ஜிமெயிலின் ஒரு சிறு பங்குப் பயனர்களின் அஞ்சல்கள் மென்பொருட் பிழையொன்றால் மறைந்தபோது, கூகுள் அவற்றை நாடாக்களிலிருந்தே மீட்டது. பிழை எல்லாத் தட்டுப் பிரதிகளிலும் பரவியிருந்தும், இணைப்பில் இல்லாத நாடாவை அது தொடவில்லை. மேலே சொன்ன மூன்றாவது அளவுகோலில் நாடாவுக்கு நிகர் இல்லை. நாடா சுற்றியிருக்கும் பேழையை வெளியே எடுத்தவுடன் அது எந்தக் கம்பியோடும் சேராத ஒரு பொருள். அதற்குள் சுழலும் இயந்திரமோ மின்பலகையோ இல்லை. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய பேழைகளும் கிடைக்கின்றன. அவற்றில் எழுதியதை நிர்வாகியாலும் அழிக்க முடியாது. எல்டிஓ என்ற நாடா வகையின் நான்காம் தலைமுறையான எல்டிஓ 4 முதல் மறைகுறியாக்கமும் செலுத்திக்குள்ளேயே நடக்கிறது.

இன்று சிறு நிறுவனமொன்று வாங்கக்கூடிய நாடா என்றால் அது எல்டிஓதான். எந்தத் தலைமுறையை வாங்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். சுருக்காமல் எழுதும்போது அவற்றின் கணக்கு இப்படி:

| தலைமுறை | வெளியான ஆண்டு | கொள்ளளவு (டெராபைட்) | அதிகபட்ச வேகம் (நொடிக்கு மெகாபைட்) | வாசிக்கும் முந்திய தலைமுறைகள் |
|---|---|---|---|---|
| எல்டிஓ 5 | 2010 | 1.5 | 140 | 3, 4 |
| எல்டிஓ 6 | 2012 | 2.5 | 160 | 4, 5 |
| எல்டிஓ 7 | 2015 | 6 | 300 | 5, 6 |
| எல்டிஓ 8 | 2017 | 12 | 360 | 7 |
| எல்டிஓ 9 | 2021 | 18 | 400 | 8 |
| எல்டிஓ 10 | 2025 | 30 | 400 | எதுவுமில்லை |

எல்டிஓ 6 முதல், பேழையின் உறையில் இதைவிட இரண்டரை மடங்கு பெரிய எண்ணைக் காண்பீர்கள். எல்டிஓ 9 இல் 45 டெராபைட் என்று அச்சிட்டிருக்கும். அது தரவு நன்றாகச் சுருங்கும் என்ற எடுகோளின் மேல் நிற்கும் எண். காணொளியும் ஒளிப்படமும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, இனிச் சுருங்கமாட்டா. ஒளிப்பதிவு நிலையத்துக்கு அந்தப் பெரிய எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

அட்டவணையின் கடைசி நிரலை இரண்டு தடவை வாசியுங்கள். எல்டிஓ 7 வரை செலுத்திகள் இரண்டு தலைமுறை பின்னோக்கி வாசித்தன. 8 இலிருந்து ஒன்று மட்டும். 10 இல் அதுவும் இல்லை. நாடா முப்பது ஆண்டு இருக்கும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அதை வாசிக்கும் செலுத்தி முப்பது ஆண்டு இருக்காது. பாவித்த எல்டிஓ 5 செலுத்தியை மலிவாக வாங்குபவர், அது பழுதாகும் நாளில் இன்னொரு 5, 6 அல்லது 7 செலுத்தியைத் தேடி எடுத்தாக வேண்டும். கிளிநொச்சியிலோ மன்னாரிலோ அயலில் கேட்டு வாங்கக்கூடிய பொருள் அன்று அது.

பூட்டும் வேலையிலும் கவனம் வேண்டும். கோபுர வடிவச் சேவையகத்தில் 5.25 அங்குல இடம் இருந்தால் அரையுயரச் செலுத்தியை உள்ளே வைக்கலாம். அரையுயரச் செலுத்திகள் எல்டிஓ 8 இலும் 9 இலும் நொடிக்கு 300 மெகாபைட்டோடு நின்றுவிடும், எங்கள் தேவைக்கு அது தாராளம். தட்டையான அடுக்குச் சேவையகங்களில் பெரும்பாலும் அந்த இடமே இருக்காது. தனி மின்வழங்கியுடன் வெளியே நிற்கும் செலுத்தியை வாங்க வேண்டிவரும். செலுத்தி சாஸ் வழியாக இணையும். அதை ரெய்ட் அட்டையில் மாட்டக் கூடாது; பெரும்பாலான ரெய்ட் அட்டைகள் நாடாவை இயக்கமுறைமைக்குக் காட்டுவதே இல்லை. என் முதல் நாடாச் செலுத்தியை அப்படி மாட்டிவிட்டு இரண்டு நாள் கம்பியை மாற்றிமாற்றிப் பார்த்தேன். சாதாரண சாஸ் இணைப்பு அட்டை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டியவுடன் செலுத்தி தெரிந்தது. வெளிச் செலுத்தியின் கம்பி முனை 8088 வகையா 8644 வகையா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். தவறான கம்பியை மாற்றுவதற்கென்று கொழும்புக்கு ஒரு பயணம் மிச்சமாகும்.

நாடா வேகமாக ஓடப் பிறந்தது. தரவு போதிய வேகத்தில் வராவிட்டால் அது நின்று, பின்னோக்கிச் சுழன்று, மறுபடி ஓடித் தொடங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் நாடாவும், அதை வாசித்து எழுதும் தலையும் தேயும். செலுத்திகள் ஓரளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் கிகாபிட் வலையமைப்பு நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்காது. எல்டிஓ 8 அதற்குக் கீழே மெதுவாக ஓட விரும்பாது. ஆகவே தரவை முதலில் சேவையகத்தின் சொந்த வன்தட்டில் சேர்த்து, அங்கிருந்து நாடாவுக்கு எழுத வேண்டும். நாடா வாங்கினால் வன்தட்டுச் செலவு இல்லாமற்போகும் என்று எண்ணியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மீட்கும்போதும் பொறுமை வேண்டும். 2010 இல் எல்டிஓ 5 உடன் வந்த எல்டிஎஃப்எஸ் முறையால் நாடாவிலுள்ள கோப்புகளை அடைவு போலக் காணலாம். ஆனாலும் நாடாவின் நடுவிலிருக்கும் கோப்பைத் தேடிப் போக ஒரு நிமிடம்வரை ஆகும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால், அந்த அடைவு எழுதப்படாமல் நின்று, பேழையைச் சரிபார்த்து மீட்கும் வேலை தனியாக வரும். எல்டிஓ 9 பேழை ஒவ்வொன்றும் முதல்முறை உட்செலுத்தும்போது தன்னை அளந்துகொள்ள இரண்டு மணித்தியாலம்வரை எடுக்கலாம். மின்வெட்டு நேரத்தைப் பார்த்து அதைத் தொடங்குங்கள்.

இனி எங்கள் காலநிலை. நீண்டகாலம் வைக்கும் பேழைகளுக்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதனும் பரிந்துரைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழுள்ள அறை அதைவிட எவ்வளவோ சூடு. மாரியில் ஈரப்பதன் 80 வீதத்தையும் தாண்டும். அந்த முப்பது ஆண்டுக் கணக்கு எங்கள் அலுமாரிக்கு எழுதப்பட்டதன்று. காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரத்தைச் சமாளிக்கும். சூட்டுக்குக் குளிரூட்டிய அறைதான் வேண்டும். குளிரறையிலிருந்து எடுத்த பேழையைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் உட்செலுத்தாமல் ஒரு நாள் ஆறவிடுங்கள். கச்சான் காலத்தில் செம்மண் புழுதி செலுத்தியின் விசிறி வழியாக நேரே தலைக்குப் போகும். துப்புரவுப் பேழையைச் செலுத்தியின் துப்புரவு விளக்கு எரியும்போது மட்டும் போட வேண்டும். வாரந்தோறும் போட்டால் அதுவே தலையைத் தேய்க்கும்.

செலவைக் கணிக்க ஒரு நேரான வழி உண்டு. செலுத்தி, இணைப்பு அட்டை, கம்பி, துப்புரவுப் பேழை ஆகியவற்றின் மொத்த விலையை, வன்தட்டுக்குப் பதில் நாடாவில் வைப்பதால் ஒரு டெராபைட்டுக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். மொத்தம் 12 இலட்சம் ரூபா, டெராபைட்டுக்கு மிச்சம் 4,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 300 டெராபைட்டைத் தாண்டிய பின்பே நாடா மலிவு. இந்த எண்கள் கணக்குக்காக எடுத்தவை. நீங்கள் கேட்கும் நாளின் விலையைப் போட்டுப் பாருங்கள். டொலர் ஏறினால் இரண்டு விலையும் ஏறும், ஆனால் பெரிய தொகையை முதல் நாளே கொடுக்க வேண்டியவர் நாடா வாங்குபவர்.

யாருக்கு எது

கூட்டுறவுச் சங்கத்தின் தரவு ஒரு டெராபைட்டுக்கும் குறைவு. மீட்பு உடனே வேண்டும். அவர்களுக்கு இரண்டு தட்டு ரெய்ட் 1, அதனோடு மறைகுறியாக்கிய மூன்று கழற்றும் தட்டுகள். நாடா பற்றிய பேச்சையே நான் எடுக்கவில்லை.

ஒளிப்பதிவு நிலையத்திடம் முப்பது டெராபைட் இருக்கிறது. ஆண்டுக்கு எட்டு வரை கூடுகிறது. பழைய கல்யாணத்திலிருந்து ஒரு காட்சியை வாடிக்கையாளர் கேட்டு அடிக்கடி வருவதால், தேடி எடுப்பதில் நாடா அவர்களை அலைக்கழிக்கும். ரெய்ட் 6 அணி ஒன்றும், முடிந்த வேலைகளை இரண்டிரண்டு தட்டுகளில் எழுதி இரு வீடுகளில் வைப்பதும் அவர்களுக்குப் போதும். இருக்கும் தரவு நூறு டெராபைட்டை நெருங்கும்போது நாடாக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஏடுகளை மின்னுருவாக்கும் குழுவுக்கு மட்டும், விலைக் கணக்கு எதிராக நின்றபோதும், நாடாவைப் பரிந்துரைத்தேன். அவர்களிடம் இருப்பவற்றில் பலவற்றுக்கு உலகில் வேறு பிரதி இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களிலும் ஏடுகளிலும், வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் தேடிச் சேர்க்க முடிந்தது. ஓலைச்சுவடிகளில் ஒற்றைப் பிரதியாக இருந்தவை போயே போயின. அத்தகைய தரவு ஒரே வகைச் சாதனத்தில் மட்டும் இருக்கக் கூடாது. வன்தட்டைத் தாக்கும் பழுது நாடாவைத் தாக்காது, நாடாவைக் கெடுக்கும் ஈரம் மூடிய வன்தட்டை அவ்வளவு விரைவாகக் கெடுக்காது. எனினும் ஒரு நிபந்தனை வைத்தேன்: அதே தலைமுறை நாடாவை வாசிக்கும் இன்னொரு செலுத்தி எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்தோடு எழுத்தில் உடன்பட்ட பின்னரே பணம் கட்ட வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்தது; அங்கே ஓடுவது எல்டிஓ 8 என்பதால் இவர்களும் எல்டிஓ 8 எடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு பேழைகளில் எழுதி, ஒன்றை வவுனியாவிலும் மற்றதை அந்த இடத்துக் குளிரறையிலும் வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இங்கே எழுதிய பேழையை அங்கே உட்செலுத்தி, கோப்புகள் மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, பேழையின் உறைக்குள் இருக்கும் தாளில் தலைமுறை, எழுதிய செலுத்தியின் மாதிரி, எழுதிய மென்பொருள், திகதி ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வைக்கிறார்கள்.